ஓடிய நாலாவது மிஷின்

அத்தியாயம் ஐந்து

திருத்தணி பஜாரில் கோமளவல்லியின் மெத்தைக் கடையில் நாலு தையல் மிஷின்கள் இருந்தன. அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றில் மூன்று செத்துக் கிடந்தன. நாலாவது மட்டும், அந்த வீட்டுத் துக்கத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல், கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துகினியா ண்ணா? மூணு பொணத்துக்கு நடுவுல ஒருத்தி ஊஞ்சல் பாட்டு பாடிகினு இருக்கா," என்றான் தேசப்பன்.

துப்பறியும் துரைக்கண்ணு சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. இரண்டு வருஷமாக அவர் அப்படித்தான். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவர் துறைமுகப் போலீசில் இருந்தார். பெண்டாட்டியோடு புறப்பட்டுக் காட்டு வழியாக நடந்தார். தனியாக வந்து சேர்ந்தார். வழியில் கண்ட ஜுரம் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மூக்கு என்னவோ முகத்தில்தான் இருந்தது, வாசனைதான் போய்விட்டது. மல்லிகைப் பூவும் ஒன்று, மாட்டுச் சாணமும் ஒன்று. அதோடு சேர்ந்து வேறு என்னென்னவோ போயிருந்தன. எவை எவை என்று அவர் தேடிப் பார்க்கவில்லை. வழக்கு வந்தால் எடுப்பார். சோறு வந்தால் உண்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தேசப்பன் அவருடைய உதவியாளன். பள்ளிப்பட்டுக்காரன், நாற்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவன். வாய் ஓய்ந்த நேரத்தில் மூக்குப்பொடி போடுவான். அவனுடைய மூக்குக்கும் வாசனைக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிவிட்டது. ஆக, அந்தத் துப்பறியும் ஆபீசில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு மூக்குகூட வேலை செய்யவில்லை. இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கு விடியற்காலையில் வந்தது. கொண்டுவந்தவள் பூவம்மாள். இதே கடையில் பஞ்சு அடித்துப் பரப்புகிறவள். அவள் புருஷன் பரசுராமன்தான் கடை மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர்.

"எங்க வீட்டுக்காரரை நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்கு இட்டுகினு பூட்டாங்க சார். மிஷினுங்களை அவருதான் கெடுத்தாராம். பட்டாளத்து வேலைன்றதால பெரிய குத்தமாம். நாலு மணி பஸ்ல சித்தூருக்கு அனுப்பறாங்களாம்," என்றாள் அவள். அழவில்லை. அழுது முடித்த முகமும் இல்லை. மரத்துப்போன முகம்.

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"நான்தான் செஞ்சேன்னு ஒத்துகினாராம்."

தேசப்பன் பொடியை மூக்குக்குக் கொண்டுபோன விரலை அப்படியே நிறுத்தினான். "இன்னாம்மா இது? திருடனே ஒத்துகினான், திருட்டு கொடுத்தவனும் ஒத்துகினான். நாங்க எதுக்கு நடுவுல?"

"அவரு செய்யல சார். மிஷின் நின்னா அவருக்கு சோறு எறங்காது. அவரு எப்படி செய்வாரு?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருவரும் இப்போது மெத்தைக் கடைக்குள் நுழைந்தார்கள்.

கடை என்றால் ஒரே நீள அறை. ஒரு மூலையில் கூரை வரைக்கும் பஞ்சு. இரண்டு காக்கித் துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் ரஜாய். கிழக்கே மலைக் குளிரில் கிடக்கும் சிப்பாய்களுக்கான போர்வை. மாசக் கடைசிக்குள் இருநூறு போக வேண்டும். அறுபதுதான் போயிருந்தன.

கோமளவல்லி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"நேத்து மிஷின் ஊசி ஏறிடுச்சு. காலையில. தைச்சு முடிச்ச அப்புறம்தான் பார்த்தேன்."

"வலிக்கலையா?"

"தெரியல."

அவள் மகன் சுப்பிரமணியும் கிழக்கேதான் போயிருந்தான். அவனிடமிருந்து ஐந்து மாசமாகக் கடிதம் இல்லை. இதையும் அவள் விரலைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். துரைக்கண்ணுவுக்கு அந்தக் குரல் பழக்கமானது. தினமும் தன் வாயிலிருந்தே கேட்பதுதான்.

"மிஷின் எப்போதெல்லாம் நின்றது?"

"மொதல்ல ஒரு திங்கக்கிழமை ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. பஞ்சுத் தூசி அடைச்சிருந்துச்சு. பரசுராமன் ஊதிக் கழுவிக் கொடுத்தான். நான்தான் அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அதுக்கப்புறம் ஆறு வாரமா மூணும் சேந்தாப்போல நிக்குது. எல்லாம் புதன்கிழமை, பதினோரு மணி வாக்குல. காலையில நல்லா ஓடும். ஓடிகினே இருக்கும், உள்ள தண்டு இறுகிடும்."

"பரசுராமன் எண்ணெய் போடுவது?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம்."

"செவ்வாய் எண்ணெய் போட்டான், புதன் காலி. போலீசுக்கு வேற இன்னா வேணும்?" என்றான் தேசப்பன். "நானே புடிச்சிருப்பேன் ண்ணா."

"எல்லாமே புதன்கிழமைதானா?" என்று மறுபடி கேட்டார் துரைக்கண்ணு.

கோமளவல்லி விரலைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "ஒரு தடவை சனிக்கிழமை. ரெண்டு வாரம் முன்னாடி."

"அதற்கு முந்தின நாளும் பரசுராமன் எண்ணெய் போட்டானா?"

"அவன் எங்க போட்டான்? ஊசி வாங்க நான்தான் அவனை அரக்கோணம் அனுப்பினேன். வியாழக்கிழமை போனவன், சனிக்கிழமை மத்தியானம் மிஷின் நின்ன அப்புறம்தான் வந்தான்."

"இதை சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னீர்களா?"

"அவரு கேக்கல."

தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

துரைக்கண்ணு நின்றுபோன மிஷின்கள் அருகே குனிந்தார். மூன்றின் நெற்றியிலும் பூஜைக்கு வைத்த குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. தலைப்பாகத்தில் எண்ணெய் விடும் துளை. அதன் விளிம்பில் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ தூள். உள்ளே குச்சியை விட்டுச் சுரண்டினார். எண்ணெயோடு குழைந்து, கறுத்து, மெழுகு போல் இறுகியது வந்தது. விளிம்பில் இருந்த உலர்ந்த தூளை ஒரு காகிதத்தில் தட்டிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனார், பழைய வழக்கத்தில். ஒன்றும் தெரியவில்லை. தேசப்பனிடம் நீட்டினார்.

தேசப்பன் ஆழமாக மோந்து பார்த்தான். "மூக்குப்பொடி வாசனை ண்ணா."

"அது உன் மூக்கு."

"ஆங், அதுவும் சரிதான்."

அடுத்து அவர் சுவரிலிருந்த முகக் கண்ணாடியை எடுத்து, ஓரத்தில் அந்தத் தூளை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணாடியில் ஒரு கீறலும் விழவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு ஓடிக்கொண்டிருந்த நாலாவது மிஷினிடம் போனார். அதை மிதித்துக்கொண்டிருந்தவள் அன்னம்மாள். ஐம்பது வயது, நரைத்த கொண்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவளுடைய மிஷின் நெற்றியில் பொட்டு ஒன்றும் இல்லை.

"உங்கள் மிஷின் மட்டும் நிற்கவே இல்லையாமே?"

"அதான் சார் எனக்கும் பயமா இருக்குது. எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க," என்றாள் அன்னம்மாள், காலை நிறுத்தாமல். "நாலும் ஒரே நாள் வாங்கினது. அதே எண்ணெய், அதே பஞ்சு, அதே பரசுராமன். ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்."

"அவரை விசாரிக்க வாரண்டு வாங்கணும்மா," என்றான் தேசப்பன்.

போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் சாமிநாதன் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியிருந்தது. தொப்பிக்குள் பென்சிலை விட்டு விட்டுச் சொறிந்துகொண்டார்.

"வீணாக அலையாதீர்கள், துரைக்கண்ணு. அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். ஆற்று மணலை அரைத்து எண்ணெயோடு போட்டானாம். பாதுகாப்புச் சட்டத்தில் நாசவேலை. குறைந்தது மூன்று வருஷம்."

"அவனோடு இரண்டு வார்த்தை பேசலாமா?"

"இரண்டு என்ன, நாலு பேசுங்கள். அவன்தான் பேசமாட்டான்."

லாக்கப்புக்குப் போகும்போது தேசப்பன் குசுகுசுத்தான். "சப் இன்ஸ்பெக்டருக்குப் பொடுகு ஜாஸ்தி ண்ணா. தோள் பூரா கொட்டிக் கிடக்குது பாரு."

பரசுராமன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. இவர்களைப் பார்த்தான், பார்த்ததற்கு அடையாளமாக இமைகூட ஆடவில்லை.

"உன் பெண்டாட்டி என்னை அனுப்பினாள்," என்றார் துரைக்கண்ணு.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "அவளை வூட்டுக்குப் போகச் சொல்லுங்க சார். இதுல அவ வரவேணாம்."

"மிஷினில் என்ன போட்டாய்?"

"மணல்."

"மணல் என்றால் கண்ணாடியில் கீறும். நான் தேய்த்துப் பார்த்தேன். கீறவில்லை."

அவன் நகக்கண்ணைச் சுரண்டினான்.

"இரண்டு வாரம் முன்னால் வெள்ளிக்கிழமை எங்கே இருந்தாய்?"

"இங்கதான். நான்தான் போட்டேன்."

"அரக்கோணத்தில் இருந்துகொண்டு திருத்தணி மிஷினில் மணல் போட எவ்வளவு நீளக் கை வேண்டும் தெரியுமா, நைனா?" என்றான் தேசப்பன்.

பரசுராமன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டேன் சார். அதோட உட்டுடுங்க. புண்ணியமாப் போவும்."

வெளியே வந்ததும் துரைக்கண்ணு தெருவோரம் நின்றார்.

"செய்யாததைச் செய்தேன் என்கிறான். ஏன்?"

"உள்ள சோறு நல்லா போடறாங்களோ இன்னாவோ."

"என்ன போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். சொன்னால் யார் போட்டார்கள் என்பதும் வெளியே வந்துவிடும். அதனால் மணல் என்கிறான். அவன் யாரையோ காப்பாற்றுகிறான், தேசப்பா. பொடி என்ன என்று கண்டுபிடித்தால் ஆளும் கிடைத்துவிடும்."

"மணி பன்னெண்டு ண்ணா. பஸ்ஸுக்கு நாலு மணி நேரம். எனக்குப் பசிக்கு நாலு நிமிஷம்."

மலையடிவாரத்துக் காப்பிக் கடையில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே படிக்கட்டு. மொட்டை போட்ட குடும்பங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அப்பன் மொட்டை, பிள்ளை மொட்டை, கைக்குழந்தையும் மொட்டை. துரைக்கண்ணு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இதையெல்லாம் பார்த்தால் ஏதாவது தோன்றும். இப்போது சுவரைப் பார்ப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தது.

"வடையில வெங்காயம் கீதா?" என்று கடைக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தான் தேசப்பன். "அன்னிக்கு ஒரு நாள் வெங்காயமே இல்லாம ஒரு வடை போட்டீங்களே, அதை எடுத்து அடிச்சா ஜப்பான்காரன் ஓடிடுவான்."

"என்றைக்கு?" என்றார் துரைக்கண்ணு, சும்மா.

"ரெண்டு வாரம் இருக்கும் ண்ணா. வெள்ளிக்கிழமை."

"கிருத்திகைங்க. அன்னிக்கு யாரு வெங்காயம் போடுவாங்க?" என்றார் கடைக்காரர், வடையைத் திருப்பிப் போட்டபடி.

துரைக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விசேஷம். மறுநாள் புதன், மிஷின் நின்றது. கிருத்திகையும் முருகனுக்கு விசேஷம். அது வெள்ளியில் வந்தது. மறுநாள் சனி, மிஷின் நின்றது. பரசுராமனுடைய எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ மலைக்குப் போய் வந்த மறுநாள்தான் மிஷின் நிற்கிறது.

அந்த நேரத்தில் ஒரு விவசாயி, தோளில் மொட்டைக் குழந்தையோடு, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குழந்தையின் தலை முழுக்கப் பூசியிருந்த சந்தனம் வெயிலில் காய்ந்து, வற்றிய ஏரி போல் வெடித்திருந்தது. குழந்தை தலையைப் பரபரவென்று சொறிந்தது. உதிர்ந்த தூள் நேராகத் தேசப்பனின் காப்பியில் விழுந்தது.

"ஏ நைனா! உன் புள்ள மண்டையை ஏன்யா என் காப்பியில கரைக்கற?"

துரைக்கண்ணு பாக்கெட்டிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பெஞ்சில் சிதறியிருந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே பழுப்பு. அதே மஞ்சள். விரலில் தேய்த்தால் அதே நயம்.

"சந்தனம்," என்றார்.

தேசப்பன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் குழம்பாகப் படிந்திருந்தது. "மோந்து பார்த்திருந்தா கொழந்தை கூட சொல்லியிருக்குமே ண்ணா!"

"சொல்லியிருக்காது. இந்த ஊரில் தெருவே சந்தனமாக மணக்கிறது என்பார்கள். தனியாக மிஷினில் மணந்தால் யாருக்குத் தெரியும்? மூக்கு இருந்திருந்தால் நாமும் இதைத் தேடியிருக்க மாட்டோம்."

அவர் பேசி முடிப்பதற்குள் கையில் தூக்குப் பாத்திரத்தோடு பூவம்மாள் வந்தாள். புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு வருகிறாள். பாத்திரம் காலியாக இல்லை. அவன் தொடவில்லை.

"எங்கே போகிறாய் பூவம்மா?"

"மலைக்கு சார். வேற யார்கிட்ட போறது?"

"அடிக்கடி போவாயோ?"

"செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை போவேன். கிருத்திகைக்கும் போவேன். முன்னூத்தி அறுபத்தஞ்சு படியும் நடந்தேதான் போவேன்." கொஞ்சம் தயங்கினாள். "மிஷினுக்காகத்தான் சார். மொத தடவை நின்னப்ப கோமளம்மா இவரை ரொம்ப பேசிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி இவரு சாப்பிடவே இல்ல. அதான் சாமிகிட்ட போயி சந்தனம் வாங்கினு வந்து வெச்சேன். சாமி மேல சாத்தின சந்தனம். தீராத வியாதியெல்லாம் தீந்துடும். மனுசாளுக்கே தீருது, மிஷினுக்குத் தீராதா?"

"எங்கே வைத்தாய்? நெற்றியிலா?"

"பொட்டு நெத்தியில வைப்பாங்க சார். மருந்தை வாயிலதானே போடணும்? எண்ணெ ஊத்தற வாயிருக்குது பாருங்க, அதுல கொழைச்சு ஊத்தினேன். புதன்கிழமை காலையில நான்தான் முதல்ல கடை தொறக்கறவ. யாருக்கும் தெரியாது. அப்பவும் நின்னுடுச்சு. சாமிக்கு இன்னும் மனசு எறங்கலைன்னு அடுத்த வாரம் கூட கொஞ்சம் போட்டேன்."

தேசப்பன் வாயைத் திறந்தான். துரைக்கண்ணுவின் செருப்பு அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது. வாய் மூடிக்கொண்டது.

"நாலாவது மிஷினுக்குப் போடவில்லையா?"

"அது அன்னம்மா அக்கா மிஷினாச்சே. அவங்க வேதக்காரங்க. நம்ம சாமி மருந்தை அவங்க மிஷினுக்குப் போட்டா தப்பா எடுத்துகினாங்கன்னா? அது நல்லாத்தானே ஓடுது, மருந்து எதுக்குன்னு உட்டுட்டேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போறேன் சார். நாலு மணிக்குள்ள எறங்கி வரணும்."

அவள் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். அவள் தலை மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ண்ணா," என்றான் தேசப்பன், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக. "நம்மளை வேலைக்கு வெச்ச அம்மாதான் குத்தவாளியா?"

"ஆமாம்."

"அந்த ஆளுக்கு இது தெரியும்?"

"கழுவுகிறவன் அவன்தானே. அவனுக்கு மூக்கு இருக்கிறது."

"சொன்னா அந்தம்மா உள்ள போவும். சொல்லலைன்னா அவன் உள்ள போவான். நல்ல வழக்கு புடிச்ச ண்ணா நீ."

மூன்றரை மணிக்குச் சப் இன்ஸ்பெக்டரும், ஒரு கான்ஸ்டபிளும், கையில் விலங்கோடு பரசுராமனும் மெத்தைக் கடைக்கு வந்தார்கள். துரைக்கண்ணு அழைத்திருந்தார். எதிரே பஸ் நின்றது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் கரிப்புகையில் ஓடுகிற பஸ். டிரைவர் பின்பக்க அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் சொல்லுங்கள். பஸ் கிளம்பிவிடும்," என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"அந்த அடுப்பு பத்தறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சுடும்," என்றான் தேசப்பன்.

துரைக்கண்ணு பொட்டலத்தை மேஜை மேல் பிரித்து வைத்தார்.

"மிஷினில் இருந்தது இது. இவன் மணல் என்று எழுதிக் கொடுத்தான். மணல் இல்லை. வெள்ளிக்கிழமை இங்கேதான் இருந்தேன் என்றான். கோமளவல்லியம்மாள் அவனை அரக்கோணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கேளுங்கள்."

"ஆமாம்," என்றாள் கோமளவல்லி, அதே குரலில். "நான்தான் அனுப்பினேன்."

"சார், வேணாம் சார்," என்றான் பரசுராமன். அவன் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நான்தான் சார். எழுதிக் கொடுத்துட்டேனே சார்!"

"சரி, இது என்னதான் பொடி?" என்று சப் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் குனிந்தார். குனிந்தபடியே வழக்கம்போலத் தொப்பிக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்தார். பழுப்பும் மஞ்சளுமாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்து பொட்டலத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

துரைக்கண்ணு அதைத் தொடவில்லை. பார்க்க மட்டும் செய்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயா ஒரு நிமிஷம் தொப்பியைக் கழற்ற முடியுமா?" என்றார் துரைக்கண்ணு.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லை. தடயம்."

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பளபளவென்று புது மொட்டை. அதன் மேல் வெடித்து உலர்ந்த சந்தனம்.

"மகனுக்கு டைபாய்டு," என்றார் அவர் சங்கடமாக. "பிழைத்தான். வேண்டுதல். நேற்று மலையில் போட்டேன்."

"அதே சந்தனம்தான் இதுவும். உலர்ந்தால் தூள். எண்ணெயில் குழைந்தால் பசை. மிஷின் ஓடிச் சூடேறினால் அந்தப் பசை இறுகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் பூஜைக்குச் சந்தனம் வருகிறது. மறுநாள் மிஷின் நிற்கிறது. அன்னம்மாள் மிஷினுக்குப் பூஜை கிடையாது. அது நிற்கவில்லை."

அன்னம்மாள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக நாலாவது மிஷினும் நின்றது. அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"யார் வைத்தது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சந்தனம் வைக்காத கடை இந்த ஊரில் எது? ஆயுத பூஜைக்கு உங்கள் ஸ்டேஷன் துப்பாக்கிக்கு யார் வைக்கிறார்கள்?"

"கான்ஸ்டபிள்தான்..."

"அந்தத் துப்பாக்கி சுடாமல் போனால் அவர் பேரில் நாசவேலை எழுதுவீர்களா?"

கான்ஸ்டபிள் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"கண்டிப்பா ஒரு பேரு போட்டே ஆகணும்னா, மலை மேல இருக்கறவர் பேரைத்தான் போடணும்," என்றான் தேசப்பன். "அவரை சித்தூருக்கு இட்டுகினு போற பஸ் இது இல்லீங்க. அவருக்கு மயில் இருக்குது."

சப் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த இரண்டு தூளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். "விலங்கை அவிழ்," என்றார். "பராமரிப்புக் கோளாறு என்று எழுதிக்கொள். இனிமேல் பொய் எழுதிக் கொடுத்தால் அதற்கே உள்ளே போடுவேன், தெரிந்ததா?"

போலீஸ் போன பிறகு பரசுராமன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"எப்போது தெரிந்தது?" என்றார் துரைக்கண்ணு தாழ்ந்த குரலில்.

"மூணாவது தடவை கழுவறப்ப. மண்ணெண்ணெய் மேல சந்தனம் வாசனை வந்துச்சு. வூட்டுக்குப் போனா அவ விரல்லயும் அதே வாசனை."

"ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே."

"எனக்காக அத்தனை படி ஏறி எறங்கினு வர்ற பொம்பள சார். கால் வீங்கிக் கிடக்குது. உன்னாலதான்டி எல்லாம்னு எந்த வாயால சொல்லுவேன்?"

வாசலில் நிழல் விழுந்தது. பூவம்மாள் நின்றாள். மூச்சு இரைத்தது. விலங்கில்லாத புருஷனின் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகம் மாறவில்லை, கையிலிருந்த இலைப் பொட்டலத்தை மட்டும் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"சாமி கண்ணைத் தொறந்துட்டாரு," என்றாள். பிறகு நேராக மிஷின்களை நோக்கி நடந்தாள். "இன்னிக்கு நாலுக்கும் வெச்சுடறேன். அன்னம்மா அக்கா இனிமே தப்பா எடுத்துக்க மாட்டாங்க. எந்த சாமியா இருந்தா இன்னா, நல்லது நடந்தா சரிதானே."

"ஐயையோ!" என்று தேசப்பன் குறுக்கே பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் இடுப்பிலிருந்த பொடி மட்டை அவிழ்ந்து முகமெல்லாம் கொட்டியது. அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. தும்மல்தான் வந்தது.

பரசுராமன் நடந்து போய் அவள் கையைப் பிடித்தான்.

"மிஷினுக்கு நான் இருக்கறேன் பூவு. அதை நான் பாத்துக்கறேன். எனக்கு வை."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து நெற்றியை நீட்டினான். அவள் இலையைப் பிரித்து, விரலால் சந்தனத்தை எடுத்து, மிஷின்களுக்குக் கொண்டுவந்தது மொத்தமும் அவனுக்கே என்பது போலக் கனமாக அவன் நெற்றியில் இழுத்தாள்.

கோமளவல்லி துணி சுற்றிய கட்டைவிரலை மேஜையில் ஊன்றி எழுந்தாள். "நாளைக்கு மூணையும் கழுவிடு பரசுராமா," என்றாள். "நூத்தி நாப்பது பாக்கி இருக்குது."

துரைக்கண்ணு கடைப் படியிறங்கும்போது பூவம்மாள் ஓடி வந்து, இலையில் மிச்சமிருந்ததை அவர் நெற்றியில் வைத்தாள். அவர் தடுக்கவில்லை. ஜில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

பஜாரில் கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள். தேசப்பன் பத்துப் பன்னிரண்டு தும்மல் தும்மி முடித்து, துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு, திடீரென்று நின்றான்.

"ண்ணா! வாசனை வருது. சந்தனம் வாசனை. உன் நெத்தியில இருந்துதான்."

"எனக்கு வரவில்லை," என்றார் துரைக்கண்ணு.

தேசப்பனுக்கு நாக்கு நுனியில் ஏதோ ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டான்.

நாலைந்து கடை தாண்டிய பிறகு துரைக்கண்ணு கேட்டார். "எப்படி இருக்கிறது?"

இரண்டு வருஷத்தில், வழக்குக்குச் சம்பந்தமில்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. தேசப்பன் நடந்துகொண்டே யோசித்தான்.

"கல்யாண வூடு மாதிரி ண்ணா. சம்பந்தி சண்டை இன்னும் ஆரம்பிக்கல. இப்பதான் இலை போட்டுகினு இருக்காங்க. அந்த நேரம் மாதிரி."

பின்னால், கரிப்புகை பஸ் ஒரு வழியாக உறுமிக்கொண்டு, வர வேண்டிய ஒரு பிரயாணி வராமலே சித்தூருக்குப் புறப்பட்டது. துரைக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியில் அந்த ஜில் மட்டும் இன்னும் இருந்தது.

"அப்புறம்?" என்றார்.